டிக்கெட் இல்லாத ஒட்டகச்சிவிங்கி

பிரான்ஸ் தேசத்து லியோன் நகரத்தைக் கைக்காசு கரையாமல் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று அந்த ஊர்க்காரர்களுக்கே வகுப்பெடுக்கக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் அணுமின் நிலைய ஊழியர்கள் குடியிருக்கும் அணுபுரத்தில், எங்கள் குடியிருப்பு மருந்தகத்தில், மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். லியோனை அவர் பார்த்ததில்லை. ரயிலில் தாம்பரம் தாண்டிப் போவதென்றாலே அவருக்கு முதல் நாளே தூக்கம் போய்விடும்.

சொந்தப் பெயர் ஒன்று சம்பளச் சீட்டில் இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் லியோன் அக்கா. ஓட்டுநராக இருந்த கணவர் இறந்த பிறகு கருணை அடிப்படையில் கிடைத்த வேலை. சொந்த ஊர் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில். கரூர், கும்பகோணம், நாகர்கோவில் என்று பல திசைகளிலிருந்து வந்து குடியேறிய நாங்கள் யாருடைய ஊரும் தெரியாத ஒரு பொதுத் தமிழுக்கு மாறிவிட்டிருந்தோம். அக்கா மாறவில்லை. பிரான்ஸைப் பற்றிப் பேசும்போதும் செங்கல்பட்டுத் தமிழ்தான்.

"லியான்னு சொல்லாத, லியோனுன்னும் சொல்லாத. கடைசி எழுத்த வாயில வுடாம மூக்குல முழுங்கணும்" என்பார். சளிப் பிடித்து மருந்து வாங்கப் போனவர்களுக்கு இது சுலபமாக வந்தது.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்க வரும் ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர் உண்டு. அவரிடம் ஒரு நாள் அக்கா சொன்னதை வரிசையில் பின்னால் நின்று நானே கேட்டேன்.

"இது காலைல, இது ராத்திரி. சார், அந்த மலைக்குப் போறதுக்கு ரயில் கீது. அதுல ஏறாதீங்க. காசு. படி கீது, மெதுவா ஏறிப் போங்க."

"எந்த மலைக்கும்மா?"

"ஃபூர்வியேர் மலைக்கு. மேல மாதா கோயிலு. உள்ள போறதுக்கு டிக்கெட் இல்ல."

"நான் செங்கல்பட்டுக்கே போறதில்லையேம்மா."

"போனா சொல்றேன் சார்" என்றார் அக்கா. இன்ஜினியர் அடுத்த வாரமே கிளம்புவது போலவும், விவரம் தெரியாமல் போய் ஏமாந்துவிடுவார் போலவும் கவலைப்பட்டார்.

இத்தனை அறிவும் வந்தது மகன் டேனியலிடமிருந்து. எங்கள் பள்ளியில் படித்து, இன்ஜினியரிங் முடித்து, மேல்படிப்புக்கு லியோன் போனவன். படிப்புக்கு நடுவே ஓர் உணவகத்தில் கொஞ்ச நேரம் வேலை பார்ப்பதாகச் சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் வரும். அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். எதிர் வீடு என்பதால் எங்களுக்கும் லியோன் வந்துவிடும்.

"பார்க்குக்குப் போனேம்மா. ஒட்டகச்சிவிங்கி இருக்கு."

"டிக்கெட் எவ்ளோடா?"

"டிக்கெட்டே இல்லம்மா."

"டிக்கெட் இல்லாம ஒட்டகச்சிவிங்கியா. வண்டலூர்ல சும்மா வுடுவானா. இன்னும் இன்னா பாத்த, சொல்லு."

அவன் சொல்வான். ஆற்றங்கரைச் சந்தையில் கடை கட்டும் நேரத்துக்குப் போனால் தக்காளி பாதி விலை. மலைமேல் ரோமானியர் கட்டிய பழைய அரங்கம், கல்லில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காற்று வாங்கலாம். வானம் தெளிந்திருந்தால் தூரத்தில் பனிமலை தெரியும். பழைய தெருக்களில் சில கதவுகளைத் தள்ளினால் போதும், வீடுகளுக்கு நடுவே ஒரு வழி போகும், அடுத்த தெருவில் வெளியே வந்துவிடலாம்.

இந்தக் கடைசித் தகவல் அக்காவை மிகவும் பாதித்தது. செங்கல்பட்டில் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், திறந்திருந்த ஒரு வீட்டின் முன்வாசல் வழியாக நுழைந்து, கொல்லைப்புறமாகத் தெருவுக்கு வந்துவிட்டார். நடுவில் குழம்பு தாளித்துக்கொண்டிருந்த அம்மாள் திகைத்து நிற்க, "உப்பு கம்மியா கீதும்மா வாசன" என்று சொல்லிவிட்டு வந்ததாக அவரே எங்களிடம் சொன்னார்.

ஊரிலிருந்து வந்த உறவினரைக் கூட்டிக்கொண்டு நான் மாமல்லபுரம் போனபோது அக்காவும் வந்தார். கடற்கரைப் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி பாண்டிச்சேரி பஸ்ஸுக்காக நின்றிருந்தார்கள். பேச்சு காதில் விழுந்ததுமே அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"பிரெஞ்சு. நீ இங்கிலீஷ்ல கேளு, லியோன் பாத்துகிறாங்களா."

அவர்களுக்கு பிரான்ஸின் வடக்கே ஏதோ துறைமுக ஊராம். லியோன் பார்த்ததில்லையாம். போதாதா? அக்கா ஆரம்பித்தார், நான் மொழிபெயர்த்தேன். சந்தை, படி, கதவுகள், ஒட்டகச்சிவிங்கி. பஸ் வந்தது, நின்றது, போனது. அந்த மனிதர் மரியாதையாகக் கேட்டார், இந்த அம்மாள் அங்கே எத்தனை வருஷம் வசித்தார் என்று. அதை மட்டும் நான் அக்காவுக்கு மொழிபெயர்க்கவில்லை.

டேனியல் பட்டம் வாங்கும்போது அக்கா லியோன் போவதாக ஏற்பாடு. அதற்காகவே சேர்த்து வந்தார். பாஸ்போர்ட்கூட எடுத்தாயிற்று.

ஒரு குளிர்காலத்தில் அந்தப் போன் வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. டேனியல் வேலை முடிந்து சைக்கிளில் அறைக்குத் திரும்பும்போது, உறைந்திருந்த சாலையில் சறுக்கி, பின்னால் வந்த லாரியில் அடிபட்டிருக்கிறான். சவப்பெட்டி வந்து சேரும்வரை அக்கா எங்கள் வீட்டில்தான் இருந்தார். செங்கல்பட்டில் அவன் அப்பாவுக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

அக்கா வேலைக்குத் திரும்பினார். மாத்திரை கொடுத்தார். சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா என்பதைச் சொன்னார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. வரிசை வேகமாக நகர்ந்தது, யாருக்கும் அது பிடிக்கவில்லை. அந்த இன்ஜினியர் ஒரு நாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "அந்த மலைக்கு ரயில்ல போகக் கூடாதுன்னு சொன்னீங்களேம்மா" என்று தொடங்கிப் பார்த்தார்.

"இது ராத்திரிக்கு சார்" என்று உறையை நீட்டினார் அக்கா.

ஒரு வருஷம் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார்.

"லியோன் போலாம்னு கீறேன். நீ வர்றியா. எனக்கு இங்கிலீஷ் வராது."

"எதுக்குக்கா இப்ப?"

"காசு சேத்துகிறேன். லீவு கீது. அவன் சுத்துன ஊரு, பாக்கணும்."

என் கணவர் எழுந்து போய் என் பாஸ்போர்ட்டைத் தேட ஆரம்பித்தார். நான் போனது அப்படித்தான்.

மே மாதத்தில் போய் இறங்கினோம். ஹோட்டலெல்லாம் கட்டுப்படியாகாது என்று மலைச்சரிவில் ஒரு இளைஞர் விடுதியில் ஆளுக்கொரு படுக்கை. அக்காவுக்கு மேல் படுக்கை விழுந்தது. நான் மாற்றிக்கொள்கிறேன் என்றதற்கு ஒப்பவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறியதைப் பார்த்து, அறையிலிருந்த பிரேசில் நாட்டுப் பெண்கள் கைதட்டினார்கள். மறுநாள் அவர்கள் அக்காவின் புளிக்காய்ச்சலுக்கு அடிமையானார்கள்.

நான் வரைபடத்தைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. அக்கா முன்னால் நடந்தார். "இந்தப் பாலத்தத் தாண்டினா சந்த வரும்." வந்தது. "இதான் அந்தக் கதவு, தள்ளு." தள்ளினால் இருட்டான வழி, நடுவில் ஒரு முற்றம், சுழன்று ஏறும் படிக்கட்டு, அப்புறம் அடுத்த தெருவின் வெளிச்சம். அந்த முற்றத்தில் அக்கா சுவரில் கை வைத்து நின்றார். "ஷ்" என்றார் என்னிடம். "உள்ள ஆளுங்க குடியிருக்காங்க, சத்தம் போடக் கூடாதுன்னு சொல்லிகிறான்."

டேனியலோடு அறையில் தங்கியிருந்த செல்வின் என்ற நாகர்கோவில் பையன் இப்போது அங்கேயே வேலையில் இருந்தான். நாங்கள் வந்திருப்பது தெரிந்து பார்க்குக்கு வந்து சந்தித்தான். பெரிய பார்க். ஏரி, ரோஜாத் தோட்டம், வேலிக்கு அந்தப்பக்கம் ஒட்டகச்சிவிங்கிகள். நிஜமாகவே டிக்கெட் இல்லை. அக்கா அங்கிருந்த பெஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"டேனி எதுலப்பா குந்துவான்? இதுலயா, அதுலயா?"

செல்வின் தரையைப் பார்த்தான். ஏதாவது ஒன்றைக் காட்டியிருக்கலாம். அவனுக்குப் பொய் வரவில்லை.

"ஆன்ட்டி, அவன் இங்க வந்ததே இல்ல."

எனக்கு அவன் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது. அவன் நிறுத்தவில்லை. இத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறான்.

"ஞாயித்துக்கிழம முழுக்க அவனுக்கு ஹோட்டல்ல வேல ஆன்ட்டி. பாத்திரம் கழுவுற இடத்துல. நாங்க சுத்திட்டு வந்தா, எங்க போனீங்க, என்ன பாத்தீங்க, டிக்கெட் உண்டான்னு கேப்பான். எதுக்குடா கேக்கன்னா, அம்மாட்ட சொல்லணும்பான்."

அக்கா ஒட்டகச்சிவிங்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மரத்தின் உச்சியில் இலை தேடிக்கொண்டிருந்தது.

"தெரியும்பா" என்றார்.

நாங்கள் இருவரும் அவரைப் பார்த்தோம்.

"ஒரு நாளாச்சும் வந்துகிறானோன்னுதான் கேட்டேன். பேசறப்ப பின்னாடி தட்டு மேல தட்டு வுழும். தண்ணி ஊத்திகினே இருக்கும். பார்க்குல இன்னா தட்டு கீது?"

அந்தச் சத்தம் எனக்கும் எத்தனையோ வாரம் கேட்டிருக்கும். நான் கவனித்ததில்லை.

"அப்புறம் ஏன்க்கா வாரா வாரம் இன்னும் சொல்லு, இன்னும் சொல்லுன்னு கேட்டீங்க?"

"சொல்லிகினு கீற வரைக்கும் அவனும் இங்க சுத்திகினுதானே இருந்தான். போன வச்சா திரும்பவும் தொட்டிக்கிட்ட போவணும். அதான் வைக்க வுடல."

செல்வின் அழுதுவிட்டான். அக்கா அழவில்லை. அவனை ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, டப்பாவைத் திறந்து, புளிசாதத்தை அவன் கையில் கொடுத்துச் சாப்பிட வைத்தார். அவன் முடித்ததும் புடவையை உதறிக்கொண்டு எழுந்தார். "கொரங்கு எந்தப் பக்கம் கீது, வா பாப்போம்" என்றார்.

அதன்பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. எனக்குக் கால் வீங்கியது. அவர் காலையில் ஏணியிலிருந்து இறங்கினால் இருட்டும்வரை நடந்தார். மகன் சொன்னதில் இருந்த பிழைகளையெல்லாம் கண்டுபிடித்தார். "பன்னெண்டு மணிக்கு கட கட்டுவாங்கன்னான். கட்டல பாரு. ஒரு மணி ஆவுது. அரைகொறையா கேட்டுகினு வந்து என்கிட்ட வுட்டுகிறான்." திட்டுவது போலத்தான் இருந்தது. திட்டி முடித்துவிட்டு அந்தச் சந்தைத் தெருவின் கடைசிவரை நடந்து பார்த்துவிட்டு வருவார்.

பனிமலை மட்டும் கண்ணில் படவில்லை. தினமும் காலையில் படியேறி மாதா கோயிலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தோம். கீழே ஊர், சிவப்புக் கூரைகள், இரண்டு ஆறுகள், அதற்கப்பால் புகை மாதிரி வானம். கிளம்ப வேண்டிய நாள் காலையிலும் ஏறினோம். பக்கத்தில் நின்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றார்.

"தெரியுதாக்கா?"

"இல்ல."

"இன்னும் கொஞ்ச நேரம் நிப்போம். மேகம் விலகலாம்."

அவர் மிகச் சாதாரணமான குரலில் கேட்டார்:

"தெரிஞ்சா மட்டும், யார்கிட்ட போய் சொல்றது?"

சொல்லிவிட்டு அந்தப் படியில் உட்கார்ந்தார். பெட்டி வந்த அன்றும், பார்க்கில் செல்வின் முன்னாலும் வராத அழுகை அங்கே வந்தது. முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வழியில் போன ஒரு கிழவர் ஒரு கணம் நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எங்களைத் தாண்டியதும் போட்டுக்கொண்டார்.

இறங்குவதற்கு அந்த மலை ரயிலுக்கு நான் டிக்கெட் வாங்கினேன். அவர் தடுக்கவில்லை. ஜன்னலில் தலை சாய்த்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

லியோன் அக்கா இப்போது பணி ஓய்வு பெற்று, செங்கல்பட்டில் தங்கையோடு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் போன் செய்கிறேன். முழங்கால் வலி, தங்கை வைத்த குழம்பு, எலெக்ட்ரிக் ட்ரெயின் கூட்டம் என்று ஏதாவது பேசுவோம். அதெல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிடும். "வச்சிடட்டுமா?" என்பார்.

"இருங்கக்கா" என்பேன், சொல்வதற்கு ஒன்றும் இல்லாமலே.