சகலையின் டிராலிக்குப் பின்னால்

பொறாமைப்படுவதற்கு ஊரில் எவ்வளவோ இருக்கின்றன. வீடு, வேலை, தலைமுடி. நான் பொறாமைப்பட்டது இன்னொருவர் வாங்கிய வெண்டைக்காயைப் பார்த்து. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சொல்லாவிட்டாலும் என் வீட்டில் சொல்லிவிடுவார்கள்.

வாங்கியவர் என் சகலை தங்கராஜ். என் மனைவி கனகாவுடைய அக்கா சாந்தியின் கணவர். அவர்கள் இருப்பது ராஜபாளையத்தில், நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில். ஞாயிற்றுக்கிழமை காலையில் கனகாவை அக்கா வீட்டில் இறக்கிவிட்டு, பக்கத்திலிருக்கும் சூப்பர்மார்க்கெட்டில் வாரச் சாமான் வாங்குவது என் பொறுப்பு. மில்லில் ஒரு ஷிப்டையே கட்டி மேய்க்கிற எனக்கு, ஒரு தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கத் தெரியாது. (தட்டுவேன். எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கும்.)

தங்கராஜ் அண்ணாச்சியும் அதே கடையில்தான் வாங்குவார். அவர் பையைக் கவிழ்த்தால் கனகா ஒவ்வொரு காயாக எடுத்துப் பார்ப்பாள்.

"மச்சான் வாங்கினதைப் பாருங்க, ஒண்ணாவது முத்தலா இருக்கா? ஆம்பளையாளு எம்புட்டுப் பாத்து வாங்குதாக."

பிறகு என் பையைத் திறப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். அந்த மௌனம் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை பைக்கில் எங்களோடு மூன்றாவது ஆளாக உட்கார்ந்து வரும்.

ஒரு ஞாயிறு, முடிவோடு கடைக்குள் நுழைந்தேன். அண்ணாச்சிக்குத் தெரியாமல் பின்னாலேயே போவது. அவர் எதை எடுக்கிறாரோ அதையே, அதே குவியலிலிருந்து எடுப்பது.

அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். காதில் ஹெட்செட். டிராலியில் குழந்தை உட்காரும் இடத்தில் செல்போனைத் தன்னைப் பார்க்கச் சாய்த்து வைத்திருந்தார். பாட்டுக் கேட்டுக்கொண்டே காய் பொறுக்கும் அந்தத் தோரணையைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி வெண்டைக்காய் முனையை ஒடித்தார். கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பரம்பரை வைத்தியர் நாடி பார்ப்பது போல இருந்தது.

பத்தடி பின்னால் நான். அவர் நின்றால் அரிசி மூட்டைக்குப் பின்னால் குனிவேன். நகர்ந்தால் எட்டிப் பார்ப்பேன். அவர் கருணைக்கிழங்கு எடுத்தார், நானும் எடுத்தேன். (அதைச் சாப்பிட்டால் எனக்குத் தொண்டை அரிக்கும்.) அவர் ஹேர் டை எடுத்தார், நானும் எடுத்தேன். (காதோரம் எனக்கு மிச்சமிருக்கிற நாலு முடிக்கு அது பத்து வருடம் வரும்.)

சோப்பு வரிசையில் அவர் தோள் திடீரென்று குலுங்கியது. இருமுகிறார் என்று நினைத்து, ஆஃபரில் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் வாளிகளுக்குப் பின்னால் பதுங்கினேன். நன்றாகத் தெரியட்டுமே என்று தலையைச் சாய்த்தேன். தோள் பட்டது. கோபுரம் மொத்தமும் சரிந்தது. ஒரு வாளி உருண்டுபோய் அவர் காலடியில் நின்றது.

அண்ணாச்சி திடுக்கிடவே இல்லை.

"வெளிய வாங்க தம்பி," என்றபடி ஹெட்செட்டைப் பிடுங்கினார். போனிலிருந்து இரண்டு பெண்கள் சிரிக்கும் சத்தம் வந்தது. திரையில் சாந்தி மதினியும் கனகாவும் தலையோடு தலை முட்டி உட்கார்ந்திருந்தார்கள். வீடியோ கால்.

"நீங்க அரிசி மூட்டைகிட்ட குனிஞ்சதுல இருந்தே ரெண்டு பேரும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காக. என்னையத் திரும்பக் கூடாதுன்னுட்டாக."

"அப்ப இந்த வெண்டைக்கா…"

"எனக்கு என்ன தெரியும்? உங்க மதினி ஒடிங்கன்னா ஒடிப்பேன். திருப்புங்கன்னா திருப்புவேன். எல்லா வாரமும் இப்படித்தான்."

திரையில் கனகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னங்க, கருணைக்கெழங்கு உங்களுக்கு ஆகாதுல்லா. அதை எடுத்த எடத்துலயே வச்சிருங்க. அந்த டையையும்."

கடைப் பெண்ணோடு சேர்ந்து வாளிகளை அடுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

அவருக்கும் ஒன்றும் தெரியாது என்று தெரிந்ததும் பொறாமை தணிந்திருக்க வேண்டும். கூடியது. ஒவ்வொரு வாரமும் அந்த மனிதர் பெண்டாட்டியோடு பேசிச் சிரித்துக்கொண்டே கடை முழுக்கச் சுற்றியிருக்கிறார். எனக்கு வாய்த்தது சட்டைப் பையில் கனகா சாமான் எழுதிக் கொடுத்த ஒரு துண்டுச்சீட்டு.

திரும்பும்போது கேட்டேன். "நீ எனக்கு ஒரு நாளாவது போன் போட்டிருக்கியா?"

"போட்டேன். கல்யாணமான புதுசுல. 'எனக்குத் தெரியும், நச்சரிக்காத'ன்னு போனை வச்சிட்டீக. அதான் மச்சான் சங்கதியையும் உங்ககிட்ட சொல்லல."

உண்மைதான். அப்படித்தான் சொன்னேன். அடுத்த ஞாயிறே ஒரு ஹெட்செட் வாங்கினேன். இப்போது வாராவாரம் திட்டு வாங்கிக்கொண்டே பிஞ்சுக் காய் வாங்குகிறேன்.

ஆனால் அரிசி மூட்டைக்கு மேலே என் வழுக்கை உதயமாகும் காட்சியைக் கனகா அன்றே படம்பிடித்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். போன மாதம் மதினி மகள் வளைகாப்பில் எல்லோரும் போட்டோவுக்கு நின்றோம். எனக்கு இடம் கிடைத்தது அண்ணாச்சிக்குப் பின்னால். போட்டோக்காரர் விவரம் தெரியாமல், "பின்னால நிக்கிற சார், முகம் மறையுது. கொஞ்சம் எட்டிப் பாருங்க," என்றார்.

மண்டபமே சிரித்தது. போட்டோக்காரர் விழித்தார்.

சாந்தி மதினி அவரிடம் சொன்னார்: "அவியளுக்குச் சொல்லிக்குடுக்க வேண்டாம் தம்பி. நல்லாவே எட்டிப் பாப்பாக."