வன்னிமரத்து வீட்டு கியர்பாக்ஸ்

"இதுல எது முன்பக்கம் அண்ணே?" என்று விருந்தாளி கல்ஃபானிடம் கேட்டார்.

கேள்வி கியர்பாக்ஸைப் பற்றியது. பிக்கப் வண்டி நான்கு மரக்கட்டைகளின் மேல் நின்றது. பழைய கியர்பாக்ஸை உருவி எடுத்தாகிவிட்டது. புதியது ஜாக்கியின் மேல் உட்கார்ந்திருந்தது. புதியது என்பது கல்ஃபான் சொன்னது. எங்கோ கவிழ்ந்த வண்டியிலிருந்து கழற்றி, காயலான் கடைக்கு வந்து சேர்ந்த, கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் அது.

"நம்ம மனசை ஆழம் பாக்கறார்," என்று கல்ஃபான் தனக்குள் சொல்லிக்கொண்டான். பெரிய கைவேலைக்காரர்கள் அப்படித்தான் என்று அவனுக்கு எண்ணம்.

"நீ எது முன்பக்கம்னு சொல்றியோ அதுதான் தம்பி முன்பக்கம்," என்றான்.

அதைக் கேட்டு விருந்தாளி பெட்டியை இரண்டு தரம் சுற்றி வந்ததை அவன் பார்க்கவில்லை.

எல்லாம் கல்ஃபானின் இடது முழங்காலால் வந்தது. அவனுடைய ஒட்டகக் கிடை எங்கள் ஊர் பிதியாவின் மணல்மேடுகளுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. குதிரைமசால் தீவனக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு மேடேறுவதற்குள் கிளட்சை எத்தனை தரம் மிதிக்க வேண்டும் என்று அந்த முழங்காலைத்தான் கேட்க வேண்டும். ஒருமுறை போய்வந்தால் இரண்டு நாள் படுக்கை. மனைவி ஸுவைனா எண்ணெய் தேய்த்துத் தேய்த்து, அவள் கை வலிக்கு வேறு எண்ணெய் தேவைப்பட்டது.

"ஒண்ணு வண்டியை மாத்துங்க, இல்லே ஒட்டகத்தை வித்துடுங்க," என்று அவள் சொல்லிவிட்டாள். "வெள்ளிக்கிழமை சூரியன் இறங்கி மஃரிப் பாங்கு சொல்றதுக்குள்ள வண்டி ஓடணும். ஓடலேன்னா சனிக்கிழமை காலையில சம்ஹாவைப் பிடிச்சிட்டுப் போக ஆள் வரும். நானே பேசிட்டேன்."

சம்ஹா என்பது ஒட்டகம். கல்ஃபான் வீட்டில் ஒரு நாளைக்குப் பேசும் பேச்சையெல்லாம் சேர்த்தாலும், கிடையில் அதன் காதோரம் ஒரு மணி நேரத்தில் பேசுகிற பேச்சுக்கு வராது. ஸுவைனாவின் கோபம் முழங்காலை மட்டும் பற்றியதல்ல என்பது எங்கள் தெருவின் கருத்து.

கல்ஃபான் இப்ராவில் இருக்கும் மச்சான் தானிக்குப் போன் போட்டான். தானிக்குத் தெரியாத மெக்கானிக் இல்லை.

"புதன்கிழமை ஓர் ஆள் வருவார். வன்னிமரத்து வீடுன்னு அடையாளம் சொல்லியிருக்கேன்," என்றான் தானி. "அதிகம் பேச மாட்டார். வேலையில குறுக்கே பேசினா ஸ்பேனரைப் போட்டுட்டுப் போயிடுவார். நீ வாயை மூடிக்கிட்டு இரு மச்சான்."

புதன்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஓர் ஆள் வந்தார். நாற்பது வயது, வெள்ளைவெளேரென்ற திஷ்டாஷா அங்கி, தலையில் ஒரு சுருக்கம் இல்லாத முண்டாசு, வாசனை தெருமுனை வரை அடித்தது. கியர்பாக்ஸ் மாற்ற வருகிறவர் இவ்வளவு அத்தர் பூசுவாரா என்று எனக்கே தோன்றியது. கல்ஃபானுக்குத் தோன்றவில்லை.

பேரீச்சம்பழம் வந்தது, காப்பி வந்தது. முறைப்படி கல்ஃபான் கேட்டான்:

"என்ன செய்தி?"

"நல்ல செய்திதான். வேற ஒண்ணுமில்லை," என்று முறைப்படி விருந்தாளி சொன்னார். பெயர் அஸ்ஸான், ஊர் சூர். அதோடு சரி.

வீடு பற்றி எரிந்துகொண்டிருந்தாலும் எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு அதுதான் பதில். அதற்கு மேல், "எதுக்கு வந்தீங்க?" என்று மூன்று நாள் முடியும்வரை விருந்தாளியைக் கேட்கக் கூடாது. கேட்டவன் வீட்டில் அப்புறம் யாரும் காப்பி குடிக்க மாட்டார்கள்.

கேட்காமல் தெரிந்துகொள்ள கல்ஃபானுக்கு ஒரு வழி தெரிந்தது. விருந்தாளியை வண்டிப் பக்கமாக நடத்திக்கொண்டு போய், கியர்பாக்ஸைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டான்.

"இதுல நான் ஏதாவது செய்யணுமா அண்ணே?" என்று அஸ்ஸான் மரியாதைக்குக் கேட்டார்.

கல்ஃபான் அவர் கையில் ஸ்பேனரைக் கொடுத்தான்.

இங்கே பக்கத்து வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது மத்தருடையது. நடுவில் ஒரு சுவர், சுவரின் முனையில் இரண்டு வாசலுக்கும் பொதுவாக ஒரு வன்னிமரம். மத்தர் வீட்டுக்கும் அதே புதன்கிழமை ஒரு விருந்தாளி வந்திருந்தார். குள்ளமானவர், சிரித்த முகம். அங்கே ஹல்வா வாசனையும் நெய் வாசனையுமாக இருந்தது. மத்தரின் தங்கை மோஸா, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், முப்பத்தாறு வயதுக்குள் வந்த வரன்களையெல்லாம் கழித்துப் பூஜ்யத்தில் நிறுத்தியவள். அவளுடைய சின்னக் கார் பூனை மாதிரி கத்திக்கொண்டுதான் தெருவுக்குள் வரும். வியாழக்கிழமை அது சத்தமே போடாமல் என்னைக் கடந்து போனது. வெயில் குறைந்ததால் இருக்கும் என்று நினைத்தேன்.

இந்தப் பக்கம் வியாழக்கிழமை வேறு மாதிரி விடிந்தது. ஆட்டோமேட்டிக் பெட்டி பழையதைவிடப் பருமன். வண்டியின் அடித்தளத்தில் இருந்த இடத்துக்குள் அது நுழையவில்லை.

"என்ன பண்ணலாம்?" என்றான் கல்ஃபான்.

அஸ்ஸான் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். "தடையா இருக்கறதை எடுத்துடலாம்," என்றார்.

என்ன ஒரு பதில் என்று கல்ஃபானுக்குப் புல்லரித்தது. தெருக்கோடி வெல்டிங்காரரை அழைத்து, ஓட்டுநரின் கால் வைக்கும் இடத்தில் தகட்டை அறுத்து எடுத்தார்கள். பெட்டி நுழைந்தது. உட்கார்ந்து பார்த்தால் தரை தெரிந்தது.

நுழைந்த பெட்டியைத் தாங்க, கீழே பிடிமானம் ஒன்றும் எட்டவில்லை.

"ஏதாவது கனமான இரும்பு இருக்கா?" என்றார் அஸ்ஸான்.

ஸுவைனா ஹரீஸ் கஞ்சி கிண்டும் அண்டாவுக்கு மூன்று கால் வைத்த இரும்பு வளையம் ஒன்று உண்டு. இரண்டு கால் வண்டிக்குப் போனது.

"ஏங்க, என் அடுப்பு ஏன் ஒரு பக்கமா மண்டி போட்டிருக்கு?" என்றாள் ஸுவைனா.

"சத்தம் போடாதே. கோவிச்சுக்கிட்டுப் போயிடுவார்."

"போனா போகட்டும். மீன் மட்டும் நல்லா ஆயறார். இன்னைக்குக் காலையில நான் கத்தி எடுக்கறதுக்குள்ள நாலு மீனைத் துண்டு போட்டுட்டார். மெக்கானிக்குக்கு அது எப்படிங்க வரும்?"

"கை நுணுக்கம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான்," என்றான் கல்ஃபான். ஆனாலும் மனம் கேட்காமல் தானிக்குப் போன் போட்டான்.

"ஆள் வந்துட்டாரா?" என்றான் தானி.

"வந்துட்டார்."

"பேசறாரா?"

"பேசலை."

"அப்ப அவர்தான். கவலையை விடு."

அடுத்து, பின்சக்கரத்துக்குப் போகும் நீளமான ஷாஃப்ட். பெட்டி நீளமாகிவிட்டதால் ஷாஃப்ட் மிஞ்சியது. அஸ்ஸான் தன் முழங்கையால் அளந்து, "ஒரு முழம் குறைக்கணும்," என்றார். வெல்டிங்காரர் தன் முழங்கையால் அளந்து அறுத்தார். வெல்டிங்காரர் ஆறடி. இப்போது ஷாஃப்ட் எட்டவில்லை. அறுத்த துண்டில் பாதியை மறுபடி ஒட்டினார்கள். சுற்றிவிட்டுப் பார்த்தபோது அது நேராகச் சுற்றாமல், வயிற்றுவலிக்காரன் மாதிரி நெளிந்தது.

"ஓடும்போது சரியாயிடுமா தம்பி?"

"பழகப் பழக எல்லாம் சரியாயிடும் அண்ணே. இன்ஷா அல்லாஹ்," என்றார் அஸ்ஸான். வெள்ளைத் திஷ்டாஷா இப்போது எந்த நிறம் என்று சொல்ல முடியாது. அத்தரும் கிரீஸும் கலந்து அவரிடமிருந்து ஒரு வாசனை வந்தது. இரண்டு தரம் விரலை நசுக்கிக்கொண்டார், ஒரு வார்த்தை முனகவில்லை. இவ்வளவு பொறுமையை நான் கல்யாண வீட்டு மாப்பிள்ளைகளிடம் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து, கிளட்ச் மிதியைக் கழற்றி எறிந்தார்கள். கியர் கம்பியை எப்படியோ கோத்தார்கள். கல்ஃபான் பிஸ்மில்லா சொல்லிச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் பிடித்தது. கியரை முன்னால் போகும் இடத்தில் வைத்தான்.

வண்டி பின்னால் போனது.

வேறு இடத்தில் வைத்தான். பின்னால் போனது. எங்கே வைத்தாலும் பின்னால்தான் போனது.

"தம்பி, இது ஏன் முன்னால போகலை?"

அஸ்ஸான் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பின்னால போறது நல்லாப் போகுதில்லே அண்ணே?" என்றார்.

கல்ஃபான் வானத்தைப் பார்த்தான். சூரியன் பேரீச்சமரங்களின் தலைக்கு இறங்கிவிட்டது. நாளைக் காலை சம்ஹாவின் மூக்கணாங்கயிறு வேறொருவன் கையில் இருக்கும். அவன் எழுந்து, குதிரைமசால் கட்டுகளை ஏற்றினான்.

"எங்கே கிளம்பறீங்க?" என்றாள் ஸுவைனா.

"கிடைக்கு. வண்டி ஓடணும்னுதானே சொன்னே? எந்தப் பக்கமா ஓடணும்னு நீ சொல்லலை."

"மணல்மேட்டுல பின்பக்கமாவா ஏறப் போறீங்க? ஒட்டகம் சிரிக்கும்."

"அது சிரிச்சா எனக்குப் போதும்."

அஸ்ஸானைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பிப் பார்த்தபடி வாசலைத் தாண்டினான். அதுவரை நன்றாகத்தான் இருந்தது. வன்னிமரத்தருகே வேகத்தைக் குறைக்க நினைத்தபோது, முப்பது வருஷப் பழக்கத்தில் இடது கால் தானாகக் கிளட்சைத் தேடியது. கிளட்ச் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. கால் முழங்கால்வரை உள்ளே போய்ச் செருப்பு தரையில் இழுபட்டது. பதறிய வலது கால் ஆக்ஸிலேட்டரில் ஏறி நின்றது.

வண்டி தெருச்சுவரைப் பெயர்த்துக்கொண்டு மத்தரின் முற்றத்துக்குள் பின்பக்கமாக நுழைந்து, விரித்த பாயின் ஓரத்தில், ஹல்வாத் தட்டுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

பாயில் மத்தரும் சொந்தக்காரர்களும் அந்தக் குள்ள விருந்தாளியும் இருந்தார்கள். சற்று முன்புதான் மோஸாவுக்கு அவரைப் பேசி முடித்து, வாக்குக் கொடுத்து, ஃபாத்திஹா பிரார்த்தனை ஓதியிருந்தார்கள். விரித்த கைகள் இன்னும் முகத்துக்கு முன்னாலேயே இருந்தன. செங்கல் தூசி மெல்ல இறங்கியது.

மத்தர் எழுந்தார். "வா கல்ஃபான். காப்பி குடி," என்றார். கல்ஃபான் காலை ஓட்டையிலிருந்து உருவிக்கொண்டு இறங்கி வந்து உட்கார்ந்தான். காப்பி வந்தது.

"என்ன செய்தி?" என்றார் மத்தர்.

"நல்ல செய்திதான். வேற ஒண்ணுமில்லை," என்றான் கல்ஃபான்.

பிறகு அவன் அஸ்ஸான் பக்கம் திரும்பினான். மூன்றாம் நாள் முடிய ஒரு பாங்குதான் பாக்கி. அதுவரை பொறுக்க அவனால் முடியவில்லை.

"தப்பா எடுத்துக்காதே தம்பி. நீ எந்த வொர்க்‌ஷாப்புல வேலை பாக்கறே?"

"வொர்க்‌ஷாப்பா? நான் சூர் துறைமுகத்துல மீன் ஏலம் விடறவன் அண்ணே."

"மீனா? அப்ப என் வண்டியில ஏன் கை வெச்சே?"

"நீங்கதானே ஸ்பேனரைக் கொடுத்தீங்க? பொண்ணோட அண்ணன் கறாரான ஆளு, என்ன சோதனை வெச்சாலும் பல்லைக் கடிச்சிட்டுச் செய்யின்னு தரகர் சொல்லி அனுப்பினார். மூணு நாளா செஞ்சிட்டுத்தானே இருக்கேன்?"

"எந்தப் பொண்ணு?"

"உங்க தங்கச்சி. வன்னிமரத்து வீடு, கணக்கு டீச்சர்."

கல்ஃபானுக்குத் தங்கையே கிடையாது. எல்லோரும் மத்தரைப் பார்த்தார்கள். மத்தர் தன் விருந்தாளியைப் பார்த்தார். விருந்தாளியின் இடம் காலியாக இருந்தது. வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"நீங்க யாரு?" என்று மத்தர் அந்தக் கால்களிடம் கேட்டார்.

"என் பேர் ஜும்ஆ. இப்ராக்காரன். கியர்பாக்ஸ் மாத்த வந்தேன்," என்றது அடியிலிருந்து ஒரு குரல். "வன்னிமரத்து வீடுன்னாங்க, வந்தேன். சோறு போட்டீங்க, சாப்பிட்டேன். கல்யாணம் பேசினீங்க, விருந்தாளி மறுத்துப் பேசலாமா? ஆனா மூணு நாளா சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட சுத்தியல் சத்தத்துல எனக்குத் தூக்கமே இல்லை. யாருங்க இந்தக் கம்பியை இப்படிக் கோத்தது?"

அஸ்ஸான் கையைத் தூக்கினார்.

"வந்து இதைப் பிடிங்க மாப்பிள்ளை," என்றார் ஜும்ஆ. சொன்ன பிறகு யோசித்து, "பிடிங்க அண்ணே," என்று திருத்திக்கொண்டார்.

கம்பியைக் கழற்றி வேறு துளையில் மாட்டினார்கள். கல்ஃபான் ஏறி, காலைப் பத்திரமாக மடக்கி வைத்துக்கொண்டு, கியரைப் போட்டான். வண்டி முன்னால் நகர்ந்தது. ஷாஃப்ட் நெளிந்தது, அண்டாக் கால்கள் முனகின, ஆனாலும் தான் இடித்த சுவர் வழியாகவே அது முன்பக்கமாக வெளியே போனது. தெருவில் நின்ற ஸுவைனா மேற்கே பார்த்தாள். சூரியனில் ஒரு நகக்கண் அளவு மிச்சம் இருந்தது. அவள் உதட்டைச் சுழித்து, போனை எடுத்து, "நாளைக்கு வர வேணாம். ஒட்டகம் விக்கலை," என்றாள்.

கல்ஃபான் வண்டியிலேயே அழுதான் என்கிறார்கள். கண்ணில் தூசி என்பது அவன் கட்சி.

மத்தர் மட்டும் பாயில் அப்படியே உட்கார்ந்திருந்தார். "கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்க முடியாது. ஆள் மாறிப்போச்சுன்னு அவகிட்ட நான் எந்த முகத்தோட சொல்லுவேன்?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

காப்பிக் குடுவையோடு வாசற்படியில் நின்ற மோஸா, அண்ணனின் குவளையை நிரப்பிவிட்டுச் சொன்னாள்:

"மூணு நாள் கேக்கக் கூடாதுங்கறது ஆம்பளைங்களுக்குத்தானே அண்ணே, என் காரை ரிப்பேர் பண்ணின அன்னைக்கே நான் அவரை யாருன்னு கேட்டுட்டேன், பக்கத்து வீட்டுக்கு மட்டும் வழி சொல்லலை."