பேண்ட் மாஸ்டர் காருக்குப் புகைப் பரிசோதனை

காரின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தை அதிகம் பார்த்த மனிதர் உத்திரமேரூர் தாலுகாவிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பேண்ட் மாஸ்டர். கல்யாண ஊர்வலங்களில் கிளாரினெட் வாசிப்பார். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன். அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருந்தேன்.

பதினைந்து வயதைத் தொட்ட பெட்ரோல் கார். டிரம்பெட்காரர்கள் மூவர், டிரம்காரர், மாஸ்டர் என்று மொத்தக் குழுவும் அதில்தான் போகும். தினமும் காலையில் எஞ்சினை ஓடவிட்டு, சைலன்ஸர் வாயில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடிப்பார். பிறகு மாடியேறி வந்து அதை என் மூக்குக்கு நேரே விரிப்பார்.

"பாரு சார், பால் மாரி கீதா?"

ஆமாம் என்று சொல்லும்வரை காபியைக் குடிக்க விடமாட்டார். ஆயுத பூஜைக்கு ஊரே வண்டிகளுக்குச் சாம்பிராணி காட்டும். இவர் காருக்குப் பொட்டு மட்டும்தான். "புகையே ஆவாதுன்னு வளத்துக்கினு கீறேன். அதுக்கே புகை காட்டுவாங்களா?"

தெரியாத்தனமாக மெக்கானிக் ஒருநாள் யோசனை சொன்னார்: "மாஸ்டரே, அடியில கீற கன்வெர்ட்டர புடுங்கிப் போட்டா வண்டி சும்மா பறக்கும்."

"அதான நைனா எஞ்சின் கக்கற வெசத்தயெல்லாம் எரிச்சி, சுத்தம் பண்ணி வெளிய அனுப்புது? பறக்கறதுக்கு நான் இன்னா கொக்கா?"

கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு போலத் துளைகள் இருக்கும். நன்றாகச் சூடேறினால்தான் அது வேலை செய்யும். கிளாரினெட்டும் சூடேறாமல் சுதி சேராது என்று அன்று முழுக்க எனக்குப் பாடம் நடந்தது.

காரின் பதிவைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. அதற்குப் புகைச் சான்றிதழ் வேண்டும். கிடைக்காவிட்டால் கார் இரும்புக் கடைக்குப் போகும். கார் போனால் கல்யாண சீசனில் பேண்ட் கிடையாது. ஐந்து குடும்பங்களின் பிழைப்பும் போச்சு. மாஸ்டரோ முதல் தடவை ஒரு டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே பரிசோதனைக் கடைக்குப் போய்ச் சேர்ந்தார். கன்வெர்ட்டர் சூடேறவில்லை, கார் தேறவில்லை. அன்று அவர் சாப்பிடவில்லை.

அடுத்த தடவை சாலவாக்கம் வரை ஓட்டிச் சூடேற்றிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. மாலையில் ஒரு கல்யாணம் இருந்ததால் குழு முழுவதும் வெள்ளை யூனிபார்மில் ஏறிக்கொண்டது. இடுக்கில் நானும். திரும்பும் வழியில் சாலை முழுக்க உளுந்துச் செடியைப் பரப்பி வைத்திருந்தார்கள். வண்டிகள் ஏறிப் போனால் மணி உதிரும் என்ற கணக்கு. நாங்களும் ஏறினோம். காய்ந்த செடி கொத்தாக அடியில் சிக்கிக்கொண்டது. கன்வெர்ட்டரோ தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது.

கடை வாசலில் நிறுத்தியபோது காருக்கடியிலிருந்து குபுகுபுவென்று புகை.

"இன்னா மாஸ்டரே, இதுக்கு டெஸ்ட் வேறயா?" என்றபடி கடைக்காரர் ஒரு பக்கெட் தண்ணீரைத் தூக்கினார்.

"ஊத்தாத நைனா! இந்தச் சூட்டுல தண்ணி பட்டா உள்ள வெடிப்பு வுட்டுப் பூடும்!" என்று அலறி, எஞ்சினை அணைத்துவிட்டுப் பக்கெட்டுக்கும் காருக்கும் நடுவில் மாஸ்டர் குப்புற விழுந்தார்.

அதற்குள் டிரம்பெட்காரர்கள் மூவரும் குனிந்து, தொழில் பழக்கத்தில், அடியில் கனன்ற செடியைப் பார்த்து ஒரே மூச்சாக ஊதினார்கள். அதுவரை புகைந்தது குப்பென்று பற்றிக்கொண்டது.

"பாவிங்களா, ஊதாதீங்கடா! ஒரு தபாவாச்சும் ஊதாம இருங்கடா!"

மாஸ்டரே மண்ணை வாரி வாரி அடித்தார். டிரம் குச்சியால் செடியை இழுத்துப் போட்டார். தீ அணைந்ததும், முகமெல்லாம் கரியோடு, "சூடு ஆறிடப் போவுது, சீக்கிரம் பாரு நைனா!" என்று கெஞ்சினார்.

எஞ்சின் ஓடியது. கடைக்காரர் சைலன்ஸருக்குள் குழாயை விட்டார். ஊதியே பிழைப்பவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். கடைக்காரர் திரையை இரண்டு தடவை பார்த்தார்.

"பாஸ், மாஸ்டரே. புது வண்டி மாரி கீது."

மாஸ்டர் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். என் கண்ணிலும் தண்ணீர். புகையின் மேல் பழியைப் போட மாட்டேன்.

மாலையில் கல்யாணப் பெண்ணின் அப்பா அவரைப் பார்த்துப் பதறிப்போனார். "இன்னாயா கோலம் இது?"

"வண்டி சுத்தமா கீது சார்" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் வாசிக்க ஆரம்பித்தார். அப்படியொரு வாசிப்பை நான் கேட்டதில்லை.

இப்போது என் மகளுக்கு வரன் முடிந்திருக்கிறது. தேதி குறிக்கவில்லை, மண்டபமும் பார்க்கவில்லை. மாஸ்டரிடம் மட்டும் சொல்லிவிட்டேன்.