நாற்பத்துநான்காம் விண்ணப்பப் படலம்

வைகாசி பிறந்தும் ஹீற்றர் அணையாத, ஆங்கிலேயர் தலைநகரோரத்து ரெய்னர்ஸ் லேன் நாட்டின் மூன்றறை மாளிகையில் வாழ்பவளே, யோகலிங்கமும் சிவமலரும் பெற்ற ஒரே வீரத்திருமகளே, கணினியியலில் இரண்டாமாண்டைக் கடக்கின்றவளே, நாற்பத்துமூன்று நிறுவனங்கள் முகத்துக்கு நேரே கதவடைத்தும் நாற்பத்துநான்காவதன் கதவைத் தட்டியவளே, சாருஜா எனும் திருநாமம் பூண்டவளே, நின் புகழ் பாடப் புகுந்தேன். எனக்கும் இன்று வேறு வேலை இல்லை.

போர் மூண்ட காரணம் கேண்மின். மூன்றாமாண்டை ஏதேனும் ஒரு நிறுவனத்தில் பயிற்சி வேலையில் கழித்தால்தான் அவள் ஆசைப்பட்டுச் சேர்ந்த நான்காண்டுப் படிப்பு நிலைக்கும். மே முப்பத்தொன்றுக்குள் இடம் கிட்டாவிடில் பல்கலைக்கழகம் அவளைச் சத்தமில்லாமல் மூன்றாண்டுப் படிப்புக்கு மாற்றிவிடும். தோழியர் அனைவரும் இடம் பிடித்தாயிற்று. அவளுக்கு எஞ்சியது இன்சூரன்ஸ் விற்கும் ஒரு காப்புறுதி நிறுவனம் மட்டுமே.

அக்கோட்டையின் முதல் மதிலோ, சுயவிவரத்தை ஏற்றிய கையோடு அதிலுள்ள அத்தனையையும் மறுபடி தட்டச்சுச் செய்யச் சொல்லும் கொடும்படிவம். அடுத்த அகழி, பதினெட்டு நிமிடத்தில் இருபத்துநான்கு கணக்கு. அதற்கும் அப்பால், முக்கோணங்களும் வட்டங்களும் சுழன்றாடி அடுத்து வருவது எதுவென வினவும் மாயமண்டபம். மூன்றையும் எம் தலைவி கடந்தாள். எப்படிக் கடந்தாள் என்பது அவளுக்கே தெரியாது.

கடைசி வாயில், ஒருவழி வீடியோ நேர்காணல். அங்கே எதிர்த்து நிற்க ஆளே இல்லை. முன்னமே பதிவான ஒரு நங்கை திரையில் தோன்றிக் கேள்வி கேட்டு மறைவாள். கமெரா இமையாது நோக்கும். தொண்ணூறு விநாடிகள் பின்னோக்கி ஓடும். மறுபடி பதியும் வரம் எவர்க்கும் இல்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, அரைக்கு மேலே வெம்பிளியில் வாங்கிய கருங்கோட்டும் அரைக்குக் கீழே பூப்போட்ட பிஜாமாவும் அணிந்து, அறைக்கதவைச் சாத்தி அமர்ந்த சாருஜா, நான்கு வினாக்களை அடுத்தடுத்து வீழ்த்தினாள். இறுதி வினா எழுந்தது: புதிய ஒன்றை அறியாத ஒருவருக்கு அதை எவ்வாறு விளங்கப்படுத்துவீர்?

இவ்விடத்தில் அக்குடியின் மரபொன்றைச் சொல்லியாக வேண்டும். ரொறன்ரோவிலிருந்து பெரியம்மாவோ பாரிஸிலிருந்து மாமாவோ, எவர் வீடியோவில் வந்தாலும், வீட்டிலுள்ள அத்தனை பேரும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து முகம் காட்டிச் சுகம் விசாரித்தே தீரவேண்டும். காட்டாதவருக்குப் பெருமை பிடித்துவிட்டதென மூன்று நாடுகளில் கதை பரவும்.

குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்த சிவமலர் அம்மையாரின் செவியில் அந்த அந்நிய நங்கையின் குரல் விழுந்தது. வேலை தருபவள் என உணர்ந்து நான்கு கேள்வி வரை பொறுத்தார். ஐந்தாவதில், பெற்றவள் வீட்டில் இருந்தும் எட்டிப் பாராதது என்ன மரியாதை என்ற அறச்சீற்றம் பொங்க, கையைத் துடைத்து, கதவைத் திறந்து, மகளின் தோளுக்கு மேலாகத் தம் திருமுகத்தால் கமெராவை நிறைத்தார். "குட் மோர்னிங் மிஸ்" என்று தொடங்கி, காலைச் சாப்பாடு ஆயிற்றா என ஆங்கிலத்தில் விசாரித்து, இவள் நல்ல பிள்ளை எனச் சான்றும் வழங்கினார். மிஸ் மறைந்து பதினைந்து விநாடி ஆகியிருந்தது.

"அம்மா, இதில ஒருத்தரும் இல்லை."

"பின்னை ஆரோட கதைக்கிறாய்?"

"மெஷினோட."

"ஒருத்தரும் இல்லையெண்டால் உனக்கு ஆர் வேலை தாறது?"

நாற்பத்துமூன்று நிராகரிப்புக்கும் கலங்காத நெஞ்சு அக்கேள்விக்குக் கலங்கிற்று. ஏழு மாதமாக அவளும் அதையேதான் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்ல நினைத்திருந்த பதில் பறந்துபோக, மீதி விநாடிகள் முழுவதும் அவள் தாய்க்குத் தமிழில் விளக்கினாள்: இது எப்படிப் பதிகிறது, பிறகு யார் பார்ப்பார்கள், ஆளில்லாத திரையைப் பார்த்து ஏன் சிரிக்கவேண்டும். சிவமலர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். நேரம் முடிந்தது, திரை நன்றி கூறி இருண்டது.

"நான் கெடுத்துப்போட்டன், என்ன பிள்ளை?"

"பறவாயில்லை அம்மா," என்றாள் சாருஜா. அது பொய். தாயின் கண் நிறைந்ததைக் கண்டு கோபத்தை விழுங்கிக்கொண்டாள். அன்றைய கத்தரிக்காய்க் குழம்பு அப்படியே மிஞ்சிப்போயிற்று.

மே இருபத்தொன்பதாம் நாள் மின்னஞ்சல் வந்தது. முரசறைக, சங்கம் முழங்குக. தமிழறிந்த ஊழியர் ஒருவரை அழைத்து ஐந்தாம் விடையைக் கேட்ட கோட்டையினர், இத்துணை பொறுமையாக விளங்கப்படுத்தியவர் வேறெவரும் இலர் என வியந்து, வாயில் திறந்து, ஓராண்டுப் பயிற்சி வேலையை அவளுக்கே அளித்தனர். தாயும் மகளும் கட்டித் தழுவினர்; ஷிப்ட் முடித்து வந்த யோகலிங்கனார் சப்பாத்தும் கழற்றாது ஆனந்தக் கண்ணீர் உகுத்தார்; கண்ணாடிக் கோபுரத்தின் இருபதாம் மாடியில் கோப்பிக் குவளையேந்தி உலவும் தன் பொற்காலத்தைக் கண்முன் கண்டவாறே, விண்ணப்பங்களை வென்ற வீராங்கனை மின்னஞ்சலின் மீதியை வாசித்தாள்.

வேலை முழுக்க வீட்டிலிருந்துதான், தினமும் காலை ஒன்பது மணிக்கு வீடியோ மீட்டிங்.