பாஸ்வேர்ட் மாமியும் பாழாய்ப்போன ரயிலும்

வைஃபை கொடுத்து ஒரு கட்டடத்தையே கணக்குப் போட வைத்த பெண்மணி, உலகத்தில் எங்கள் பாஸ்வேர்ட் மாமி ஒருவர்தான். அவருடைய நிஜப் பெயர் கரண்ட் பில்லில் இருந்திருக்கலாம், யாரும் கேட்டதில்லை.

மாமி மூன்று தலைமுறையாகக் கொல்கத்தாவாசி. லேக் கார்டன்ஸில் நாங்கள் குடியிருந்த நாலு மாடிக் கட்டடத்தின் சுவர்கள் அவரைவிடப் பிடிவாதமானவை. மொபைல் சிக்னல் வாசலோடு திரும்பிப் போய்விடும். ஆன்லைன் வகுப்புகள் வந்தபோது மாமி தன் வீட்டு வைஃபையை எல்லோருக்கும் திறந்துவிட்டார். ஒரே நிபந்தனை: தினமும் காலையில் லிஃப்ட் பக்கத்தில் ஒரு கணக்கு ஒட்டுவார். விடைதான் அன்றைய பாஸ்வேர்ட்.

கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் டைம்டேபிள் போட்டு ரிட்டயரானவர் என்பதால் எல்லாமே ரயில் கணக்கு. ஹவுராவில் ஒன்று கிளம்பும், கரக்பூரில் இன்னொன்று நிற்கும், நடுவில் என் ஆபீஸ் வேலை நாறும்.

படம் பிடித்தால் கணக்குப் போட்டுத் தரும் ஆப் பிள்ளைகளிடம் இருந்தது. ஆனால் ஆப்புக்கு நெட் வேண்டும். நெட்டுக்கு விடை வேண்டும். விடைக்கு ஆப் வேண்டும். மூன்றாம் மாடி டாக்டரின் மகன் ஒரு வாரம் இந்த வட்டத்தில் சுற்றிவிட்டு, கடைசியில் பென்சில் வாங்கினான்.

தயங்காமல் போட்டவள் வாட்ச்மேன் மகள் மௌஷுமி மட்டும்தான். எட்டாம் வகுப்பு. அவர்கள் வீட்டுக்கே விரிசல் விட்ட ஒரு போன். அதுவும் அம்மா நாலு வீட்டு வேலை முடித்து வந்தால்தான் இவள் கைக்கு வரும். ஐ.டி. கம்பெனிக்காரனான நான் தினமும் அவளிடம் போய் நிற்பேன்.

"காக்கு, கரக்பூர்ல வண்டி நின்ன நேரத்தைக் கழிக்கவே இல்லியே?" என்பாள், மாமியிடம் கற்ற தமிழில். காக்கு என்றால் சித்தப்பா. சில நாள் அதில் மரியாதையும் இருக்கும்.

பெரிய பள்ளி ஒன்றில் இலவசமாகப் படிக்க அவளுக்கு ஆன்லைன் தேர்வு வந்தது. பாதியில் நெட் அறுந்தால் மறுபடி நுழைய முடியாது. மாமி வீட்டுக் கம்ப்யூட்டரில் மாதிரித் தேர்வு எழுதியபோது அப்படித்தான் ஆனது. கட்டடமே கிரிக்கெட் பார்த்ததில் நெட் படுத்துவிட்டது. நானும்தான் பார்த்தேன். மௌஷுமி படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். நிஜத் தேர்வு என்றைக்கு என்று கேட்டு வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஒரு சனிக்கிழமை. எனக்குப் பத்து மணிக்கு கிளையன்ட் மீட்டிங். அன்றைய கணக்கில் மூன்று ரயில்கள். நானும் டாக்டரும் லிஃப்ட் வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டோம். என் கணக்கில் ரயில் புறப்படுவதற்கு முன்பே வந்து சேர்ந்தது. டாக்டருடையது கடலில் இறங்கியது. மௌஷுமியைத் தேடினால் ஆளைக் காணோம்.

மாமி வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"மாமி, கணக்கு தப்பு!"

"மெதுவாப் பேசுடா. அதுக்கு விடையே கிடையாது."

"பத்து மணிக்கு மீட்டிங் மாமி!"

"உனக்கு திங்கக்கிழமையும் மீட்டிங் இருக்கும். அவளுக்கு இன்னிக்கு ஒரு நாள்தான். உள்ள பரீட்சை எழுதிண்டிருக்கா. மொத்த நெட்டும் அவளுக்குத்தான்."

கதவிடுக்கில் மௌஷுமியின் முதுகு மட்டும் தெரிந்தது. அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

கீழே வந்தேன். "என்ன சொன்னாங்க, விடை தெரிஞ்சுதா?" என்று வங்காளத்தில் கேட்டார் டாக்டர்.

"கணக்கு சரிதானாம். இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தேர்வு முடியும்வரை அந்தப் பாழாய்ப்போன ரயிலை ஓட்டிக்கொண்டிருந்தேன். மாமிக்காக நான் சொன்ன ஒரே பொய் அது. எத்தனை தடவை வேண்டுமானாலும் மறுபடி சொல்வேன்.