வயசை மறைத்த கம்ப்யூட்டர்

இந்த வீட்டுக்குள் புதுக் கம்ப்யூட்டர் வந்தால் நான் வெளியே போய்விடுவேன் என்று ஒருநாள் தீர்மானம் போட்டேன். சகாயம்மாள் உடனே, துணிமணியை எந்தப் பெட்டியில் வைக்கட்டும் என்று கேட்டாள். என் மனைவி அப்படித்தான்.

என்னுடையது விண்டோஸ் செவன். அதைச் செய்த கம்பெனியே கைகழுவிப் பல வருஷமாகிறது. அதனால் என்ன? என்னையும்தான் ரயில்வே ஆபீசில் ரிட்டயர் பண்ணிக் கைகழுவிவிட்டார்கள். நான் நடமாடவில்லையா?

சோதனை என் மகள் அக்சிலியா ரூபத்தில் வந்தது. நர்ஸ். ஒன்றரை வருஷம் ஜெர்மன் படித்தவள். அந்த நாட்டு ஆஸ்பத்திரி ஒன்று வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வீடியோவில் இன்டர்வியூ வைத்தது. செல்போன் கூடாது, கம்ப்யூட்டர்தான் வேண்டும், அதில் அவர்கள் சொன்ன புது மென்பொருள் இருக்க வேண்டும் என்று நிபந்தனை. தவறினால் அடுத்த வருஷம்தான்.

புதுசு ஒன்று வாங்கிவிடலாம் என்றாள் சகாயம்மாள். அதெல்லாம் தேவையில்லை, வழி இருக்கிறது என்றேன்.

வழியை இணையத்தில் முகம் தெரியாத ஒரு புண்ணியவான் போட்டிருந்தார். சின்ன ஃபைல்தான். உள்ளே விட்டால் என் செவன் தன்னை டென் என்று சொல்லிக்கொள்ளும். புது மென்பொருளும் நம்பி வந்து உட்காரும். வயசை மறைப்பது கல்யாணத்துக்கே நடக்கிறது, கம்ப்யூட்டருக்கு ஆகாதா?

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஆரம்பித்தேன். மென்பொருள் நம்பவில்லை. ‘இந்தக் கணினியில் இயங்காது’ என்றது. ஃபைலை மறுபடி விட்டேன். திரை நீலமானது. அணைத்துப் போட்டேன். மறுபடி நீலம். மணி மூன்றே முக்கால். உள்ளங்கை வியர்த்து மவுஸ் வழுக்கியது. என் வீம்பால் பிள்ளையின் பிழைப்பு போகிறதே என்று தலையில் அடித்துக்கொண்டேன். உள்ளறையில் இருந்த அக்சிலியாவைக் கூப்பிடவே பயமாக இருந்தது.

சகாயம்மாள் காப்பியோடு வந்தாள். நீலத்தைப் பார்த்தாள். பதறவே இல்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

“ஏனுங்க, அந்தோணியாருக்கு ஏதாச்சும் நேந்துக்கங்க.”

“ஒரு பாக்கெட் மெழுகுவத்தி.”

“மெழுகுவத்திக்கெல்லாம் இது ஆவுங்களா? உசுரா வச்சிருக்கறதைக் குடுக்கோணும்.”

எங்கள் கோயிலில் நேர்ந்த பொருளைத் திருவிழாவன்று ஏலம் விடுவார்கள். நாலு மணிக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. சுவரில் மாட்டியிருந்த அந்தோணியார் படத்தின் முன்னால் முழங்காலில் விழுந்தேன்.

“அந்தோணியாரே, எம்பொண்ணுக்கு இன்டர்வியூ மட்டும் நடந்துட்டா, இந்தக் கம்ப்யூட்டரையே உமக்கு ஏலத்துக்குக் குடுத்துடறேன்.”

பின்னாலிருந்து சகாயம்மாள் ‘ஆமென்’ என்றாள்.

எழுந்து பார்த்தேன். திரை நீலமாகவே இருந்தது. ஆனால் உள்ளறையிலிருந்து அக்சிலியாவின் குரல் கேட்டது. மளமளவென்று ஜெர்மன். கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். ஒரு புது லேப்டாப்புக்கு முன்னால் சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள். சகாயம்மாளிடம் திரும்பினேன்.

“யாருதுடி அது?”

“எதுத்த ஊட்டு வசந்தாமணியோடதுங்க. நேத்தே வாங்கியாந்துட்டேன்.”

“அப்புறம் எதுக்கு என்னைய நேந்துக்கச் சொன்னே?”

“இன்டர்வியூ நடந்தான்னுதான நேந்தீங்க? நடக்குதுங்களே.”

அக்சிலியாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. எனக்குக் கண் கலங்கியது, அதை மறைக்கவில்லை. நேர்ந்ததை மட்டும் கொஞ்சம் ஒத்திப்போட முடியுமா என்று பார்த்தேன். அந்தோணியார் ஒருவேளை விட்டுக்கொடுத்திருப்பார். சகாயம்மாள் ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டாள்.

திருவிழா ஏலத்தில் தேங்காய், கிடாய், கோழி எல்லாவற்றுக்கும் ஒரே போட்டி. என் கம்ப்யூட்டரைக் கோயில் உபதேசியார் உபகாரசாமி தொண்டை வறள மூன்று தரம் கூவினார். கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் கையைத் தூக்கினார்.

கூடவே ஒரு கோழியை இனாமாகக் கொடுத்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.