‘ஏறிக் குந்து’ அண்ணனும் ஒன்பது பட்டையும்

சிங்கப்பூரில் அவர் பிடித்து வண்டியில் ஏற்றி உட்காரவைக்காத ஆள் ஒருவர்தான் உண்டு: கவர்னர். அவரும் என்றைக்காவது சிராங்கூன் ரோட்டில் கால்நடையாக வந்திருந்தால் தப்பியிருக்க மாட்டார். "தொரே, ஒரு நிமிசம், ஏறிக் குந்துங்க" என்று கையைப் பிடித்து இழுத்திருப்பார். அதனால் அவருக்குப் பெயரே ‘ஏறிக் குந்து’ என்று ஆகிவிட்டது. பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், பக்கத்தில் நிற்பவரைத் திரும்பிப் பார்ப்பார்.

முதல் உலகப் போருக்கு முந்தின வருடங்கள் அவை. குதிரை வண்டிகளுக்கு நடுவே மோட்டார் கார்கள் ஒன்றிரண்டாகத் தலைகாட்டிக்கொண்டிருந்தன. தேக்காவில், மாட்டுக் கொட்டகைகளை ஒட்டி, ராவுத்தர் ஒருவர் தம் குதிரை லாயத்தைக் கார்ப் பட்டறையாக மாற்றியிருந்தார். லாயம் மாறியது, வாசனை மாறவில்லை. அங்கே நான் குமாஸ்தா. மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படித்தவன். சீமையிலிருந்து வரும் உதிரிப் பாகப் பட்டியலைப் படித்து, எது வேண்டும் என்று எழுதிப் போடுவது என் வேலை. அந்தப் பட்டியலை நான் அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்த நடையை இப்போது நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

‘ஏறிக் குந்து’ அண்ணனுக்கு அங்கே ஸ்பிரிங் வேலை. அந்தக் காலத்துக் காரின் உடம்பு, வில்லாக வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங்கின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். பட்டை கூடினால் வண்டி உயர்ந்து நிற்கும். ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும். குறைந்தால் தாழ்ந்து, மெத்தென்று போகும். ரொம்பவும் குறைந்தால் வண்டியின் வயிறு ரோட்டில் தேயும். எந்த வண்டிக்கு எத்தனை பட்டை என்று பட்டியலில் தெளிவாக அச்சடித்திருக்கும். அண்ணன் அதை ஒருநாளும் மதித்ததில்லை.

"வண்டிக்கு எதுக்குய்யா ஸ்பிரிங்? குந்துறவனுக்குத்தானே ஸ்பிரிங்?" என்பார்.

ஆகவே குந்துகிறவர்கள் வந்தாக வேண்டும். வண்டிக்குச் சொந்தக்காரர் மட்டும் வந்தால் போதாது. அவர் மனைவி, மைத்துனர், யார் யார் ஏறுவார்களோ அத்தனை பேரும் வர வேண்டும். எல்லாரையும் ஏற்றி உட்காரவைத்துவிட்டு, அண்ணன் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, ஒரு கண்ணை மூடி, சக்கரத்துக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவே விரல்களை விட்டுப் பார்ப்பார். "யாரும் மூச்சு விடாதீங்க!" என்று கீழேயிருந்து குரல் வரும். பெரிய பெரிய வியாபாரிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஒருமுறை நாகூர் பக்கத்துத் துணி வியாபாரி ஒருவர் காலை பத்து மணிக்கு வந்தார். அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"பசியாறிட்டீங்களா?"

"இல்ல, போய்த்தான் பசியாறணும்."

"அப்ப போய்ப் பசியாறிட்டு வாங்க. வெறும் வயித்தோட குந்துனா வண்டி பொய் சொல்லும்."

அவர் போய், இரண்டு தட்டு பிரியாணியை ஒரு கை பார்த்துவிட்டு வந்து குந்தினார். அண்ணன் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா, அரை விரல் வித்தியாசம்" என்றார் வெற்றியோடு.

இன்னொரு நாள் வெள்ளைக்கார வக்கீல் ஒருவர் வந்தார். "யார் யார் ஏறுவாங்க?" என்று அண்ணன் கேட்க, நான் மொழிபெயர்க்க, "நான் மட்டும்தான்" என்றார் அவர். அண்ணன் இருக்கையைத் தடவி, இரண்டு முடிகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "தொர பொய் சொல்றாரு. நாயக் கொண்டாரச் சொல்லு." மறுநாள் கன்றுக்குட்டி அளவு நாய் ஒன்று பின் இருக்கையில் கம்பீரமாகக் குந்தியது. வக்கீல் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

சொந்தக்காரர்கள் வராத நாட்களில் தெருவில் போகிறவர்கள் அகப்பட்டுக்கொள்வார்கள். அண்ணனிடம் ஓர் அளவு முறை இருந்தது. பால்காரர் ஒரு ஆள். எதிர்க் கிடங்கின் சீக்கியக் காவலாளி ஒன்றே முக்கால் ஆள். தபால்காரர் முக்கால், பையோடு ஒன்று. நான் அரை.

"நாலு ஆள் வேணும். காவலாளியக் கூப்பிடு, பால்காரரக் கூப்பிடு, தபாலக் கூப்பிடு... இன்னும் அரை கொறையுதா? சரி, தம்பி நீ ஏறு. நீதான் அரை ஆளாச்சே."

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஒரு கல்லை ஒரு கல் என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். ஆனால் மாட்டுக்காரர்கள், ரிக்‌ஷாக்காரர்கள், கடைக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள். கொஞ்ச நாளில் தேக்கா முழுவதும் "அரை ஆள் எங்கே போவுது?" என்று விசாரிக்க ஆரம்பித்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அந்த வயதில் அது பட்டால் ஆறாது.

டவுனுக்கு வெளியே, புக்கிட் பாஞ்சாங்கில் கல் உடைக்கும் வேலையை ஒப்பந்தம் எடுத்திருந்த காண்ட்ராக்டர் ஒருவர், கைமாறி வந்த கார் ஒன்றைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். அவர் மனைவிக்கு முழங்கால் மடங்காது. குதிரை வண்டியில் ஏற வைத்த முக்காலி சரிந்து விழுந்ததில் வந்த வினை. அன்றிலிருந்து முக்காலி என்றாலே அந்த அம்மாள் நடுங்குவார். நாற்காலியில் வைத்து ஆட்கள் தூக்கவும் சம்மதிக்க மாட்டார். மூன்று வருடமாக வீட்டுப் படி தாண்டவில்லை. ஒரே மகள் டவுனில் வாழ்க்கைப்பட்டு, முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள். வெள்ளிக்கிழமை வளைகாப்பு. தாய் கையால் முதல் வளையல் போட்டு, மகளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துவர வேண்டும்.

"வண்டி தாழ்வா நிக்கணும். அவ தானே கால் வெச்சு ஏறணும். அவ்வளவுதான்" என்றார் காண்ட்ராக்டர்.

"அம்மாவ வரச் சொல்லுங்க. ஏறிக் குந்தட்டும்."

"வர முடியாதுன்னுதானேய்யா வண்டியே!"

"அப்ப நான் வந்து பாக்குறேன்" என்றார் அண்ணன். மறுநாள் கிராஞ்சி ரயிலில் ஏறி புக்கிட் பாஞ்சாங் போனார். நானும் குறிப்பெடுக்கப் போனேன். ஒரு பெண்மணியிடம் கால் எவ்வளவு தூக்க வரும் என்று கேட்க அவருக்கு வெட்கம். வாசலில் ஒரு பலகையை வைத்துவிட்டு, எதிரே இருந்த ரம்புத்தான் மரத்தைப் பார்த்தபடியே, "அம்மா, இதத் தாண்டி வாங்க" என்றார். தாண்டினார். பலகைமேல் பலகை. "இதயும் தாண்டுங்க." மரத்திடமே பேசிக்கொண்டிருந்தார். ஏழாவது பலகையில் அந்த அம்மாள் நின்றுவிட்டார்.

"போதும்ணே. இதுக்கு மேல வராது."

"ஆறு பலகை. போதும்மா, வண்டி உங்க காலுக்கு வரும்" என்றார் மரத்திடம்.

பட்டறைக்கு வந்து, ஸ்பிரிங் கட்டுகளை எல்லாம் இழுத்துப் போட்டு, மெல்லிசான, நீளமான ஏழு பட்டைக் கட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். பட்டியலில் அந்த வண்டிக்கு ஒன்பது பட்டை என்று போட்டிருந்தது. நான் விரலை வைத்துக் காட்டினேன். அவர் பார்க்கவேயில்லை. "இதயே மாட்டச் சொல்லு. நான் போயி அந்த ரோட்டப் பாத்துட்டு வந்துர்றேன். வயிறு தேயக்கூடாதுல்ல" என்று மறுபடி ரயிலுக்கு ஓடினார்.

ரோட்டை எப்படிப் பார்த்தார் என்பதை மாட்டுவண்டிக்காரர் ஒருவர் பிறகு வந்து சொன்னார். செம்மண் ரோட்டில் சக்கரத் தடங்களுக்குக் குறுக்கே, ஆறு பலகை உயரத்துக்குக் கைகால்களுக்கு முட்டுக் கொடுத்து, குப்புறத் தொங்கி, வயிறு மண்ணில் படுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். பிணம் என்று நினைத்து இவர் மாட்டை நிறுத்த, பிணம் தலையைத் தூக்கி, "இடிக்கல லா, ஓட்டு!" என்றதாம்.

அந்த நேரத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். மறைக்காமல் சொல்கிறேன். வேலையாட்களிடம் ஏழு பட்டைக் கட்டைத் தள்ளிவைத்துவிட்டு, ஒன்பது பட்டைக் கட்டைக் கொடுத்து, "அண்ணன் இதத்தான் சொன்னாரு" என்றேன். பட்டியலில் உள்ளது சரி என்று நம்பியது பாதிக் காரணம். அரை ஆள் சொன்னதுதான் சரி என்று தேக்கா முழுக்கத் தெரிய வேண்டும் என்பது மீதிக் காரணம். அண்ணன் திரும்புவதற்குள் வண்டி புக்கிட் பாஞ்சாங் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை, ஏறுவதைப் பார்க்க அண்ணன் போனார். வண்டியைச் சேர்ப்பித்ததற்குக் கையெழுத்து வாங்க என்னையும் ராவுத்தர் அனுப்பினார். அம்மாள் பட்டுப் புடவையில், வளையல் தட்டோடு வாசலில் நின்றிருந்தார். காரைப் பார்த்ததும் அண்ணன் முகம் மாறிவிட்டது. வண்டி நாலு விரல் உயரமாக நின்றது.

அம்மாள் காலைத் தூக்கினார். வண்டியின் படிப்பலகை எட்டவில்லை. இன்னொரு தரம் தூக்கினார். பிறகு தட்டைக் கணவர் கையில் கொடுத்தார்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் வரல. புள்ளகிட்ட எதயாச்சும் சொல்லுங்க."

சத்தம் போடாமல்தான் சொன்னார். நான் கையெழுத்து வாங்க வேண்டிய தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்தேன்.

அண்ணன் வண்டியைச் சுற்றி ஒருமுறை வந்தார். பிறகு கல்லுடைக்கும் ஆட்கள் நின்ற பக்கம் திரும்பி, ஊர் அதிரக் கத்தினார்: "டேய்! எல்லாரும் ஏறிக் குந்துங்கடா!"

அம்மாளுக்கு ஓரத்தில் இடம் விட்டு, ஆறு பேர் உள்ளே ஏறினார்கள். வண்டி முனகிக்கொண்டு இரண்டு விரல் இறங்கியது. காண்ட்ராக்டரை ஏற்றினார். சமையற்காரரைக் கரண்டியோடு ஏற்றினார். என்னைப் பின்பக்கம் தொங்கவிட்டார். இரண்டு மூட்டை அரிசி உள்ளே இருந்தவர்கள் மடிக்கு வந்தது. அண்ணன் கன்னத்தைத் தரையில் வைத்தார். "மூச்சு விடாதீங்க... அம்மா, இப்ப வைங்க கால!"

அம்மாள் கால் வைத்தார். ஏறிவிட்டார். நாங்கள் ஒவ்வொருவராக இறங்க இறங்க வண்டி மெல்ல மேலே எழுந்தது. அந்த அம்மாள் பல்லக்கில் போகிறவர்போல உயர்ந்துகொண்டே போய், மூன்று வருடத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அண்ணனும் நானும் வண்டியோடு டவுனுக்குப் போனோம். அங்கே மகள் வீட்டு வாசலில், பந்தியில் உட்காரப்போன ஆண்கள் அத்தனை பேரையும் ஏற்றிக் குந்தவைத்து அவரை இறக்கினோம். வளையல் போட்டாயிற்று.

திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்பது பட்டை, ஆளைத் தூக்கிப் போடும். இப்போது பின் இருக்கையில் இருந்தது ஏழு மாதக் கர்ப்பிணி. அண்ணன் ஏழு பட்டை கேட்டது தாயின் முழங்காலுக்கு மட்டுமல்ல. மகளின் வயிற்றுக்கும் சேர்த்துத்தான். சீமைப் பட்டியலில் வளைகாப்பு இல்லை. அண்ணன் கனமான ஆட்கள் இரண்டு பேரையும் தம்மையும் படிப்பலகையில் ஏற்றி, வண்டி தூக்கிப் போடாதபடி பாரம் கூட்டி, மாடு நடக்கிற வேகத்தில் புக்கிட் பாஞ்சாங் வரை ஓட்டவைத்தார். கம்பியைப் பிடித்துப் பிடித்து அவர் கை கொப்பளித்துவிட்டது.

மறுநாள் வண்டியைப் பட்டறைக்கு வரவழைத்து, ஸ்பிரிங்கைக் கழற்றி, பட்டைகளை எண்ணினார். ஒன்பது. என்னைப் பார்த்தார்.

"ஏன் தம்பி?"

"புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"புத்தகம் ஏறிக் குந்திப் பாத்துச்சா?"

ராவுத்தர் வந்து, "எவன்டா ஒன்பது மாட்டுனது? காண்ட்ராக்டர் என் மானத்த வாங்குறாரு!" என்று குதித்தபோது, நான் வாயைத் திறக்குமுன் அண்ணன் முந்திக்கொண்டார். "நான்தான் மொதலாளி. கை தவறிப்போச்சு."

அவரே ஏழு பட்டையை மாட்டிக் கொடுத்தார். அம்மாள் தானாகவே ஏறி இறங்கினார். ஆனால் ராவுத்தர் மனம் ஆறவில்லை. "குந்துற வித்தயெல்லாம் போதும். இனிமே படிச்ச புள்ள புத்தகத்தப் பாத்துச் சொல்றதத்தான் மாட்டணும்" என்று ஸ்பிரிங் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டு, அண்ணனை டியூப்புக்கு ஒட்டுப் போட உட்காரவைத்தார். நான் வாங்கிக்கொண்டேன். தெருவில் யாரையும் யாரும் கூப்பிடவில்லை. பால்காரர் பழக்கதோஷத்தில் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவார்.

நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் மத்தியானம் அண்ணனிடம் போய், "இன்னிக்கு ராவுத்தர்கிட்ட உண்மையச் சொல்லிடப் போறேன்" என்றேன்.

அவர் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் ரப்பர்ப் பசை.

"சொன்னா ஒன்னய அனுப்பிருவாரு. ஊருக்குப் பணம் அனுப்புற புள்ள நீ. நான் ஒண்டிக்கட்ட, எங்க குந்துனா என்ன?" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "சரி, சொல்றதுன்னா சொல்லு. மொதல்ல சாப்புடு. மூஞ்சியப் பாரு, காலையிலருந்து ஒண்ணும் தின்னல."

இலையில் இரண்டு துண்டு மீன் இருந்தது. பெரியதை என் பக்கம் தள்ளினார்.

நான் சாப்பிட்டேன். சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன் அண்ணே, ஊரே கேட்கட்டும்: மாற்றி மாட்டியவன் நான்தான்.